சிவப்புக் கயிற்றை அறுத்தவனுக்கு

காஞ்சிபுரம்
1977, சித்திரை

அன்புள்ள ஏகாம்பரம்,

உன் கம்பெனியார் உனக்கு ஒரு நினைவு மலர் வெளியிடுகிறார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் மகன் ஒரு விமானக் கம்பெனியின் நிர்வாக இயக்குநரான வரலாற்றை, உன்னோடு படித்தவன் என்ற முறையில், நான்கு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி உன் மகன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான். எழுதுகிறேன். இப்படிப்பட்ட கட்டுரைகள் இறந்தவரின் சாதனைகளை வரிசைப்படுத்தித் தொடங்குவது வழக்கம். என் வரிசை கீழே.

1. 1968, வைகாசி, கருடசேவைக்கு முந்தைய நாள். விமானத்தின் இடது சக்கரத்துப் பிரேக் குழாய் கசிகிறது, சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டேன் என்று என் தம்பி தயாளன் தொலைபேசியில் உன்னிடம் சொன்னான். கேட்டுக்கொண்ட நீ, ஊருக்குப் போய்வா என்று அவனை அனுப்பிவைத்தாய்.

2. மறுநாள் காலை. அவன் கட்டிய சீட்டை, அவன் இல்லாத நேரத்தில் அறுத்து எடுத்தாய்.

3. அதே ஆண்டு, ஆனி. அப்படி ஒரு சீட்டே இருந்ததில்லை என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தாய். தயாளன் அனுமதி பெறாமல் ஊருக்குப் போனான் என்றும் எழுதிக் கொடுத்தாய்.

4. மேற்படி வாக்குமூலத்தை என்னைக் கொண்டு எழுதவைத்தாய்.

5. 1971, தை. இந்த ஊரில் உனக்கு நடந்த பாராட்டு விழாவில் நெசவாளியான உன் தகப்பனாரின், நீ நைனா என்று அழைத்தவரின், சிவப்பு நூல் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாய். தயாளன் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

6. 1977, மாசி. இவற்றில் எதற்கும் பதில் சொல்லாமல் இறந்துபோனாய்.

நீ அறிந்தவற்றையே உனக்குத் திருப்பிச் சொல்ல நேர்வதைப் பொறுத்துக்கொள். மலரைப் படிப்பவர்கள் அறியமாட்டார்கள்.

எங்கள் கிராமமான தாமலிலிருந்து தினமும் நடந்து வர முடியாது என்பதால் என் அப்பா என்னைப் படிப்புக்காக உங்கள் வீட்டு முன்னறையில் குடிவைத்தார். நமக்குப் பதினோரு வயது. வயல் வேலை தவிர வேறெதையும் பார்த்திராத எனக்கு, உன் நைனா தறியிலிருந்து இறங்கி ஒரு சேலையை வியாபாரியிடம் காட்டுகிற விதம் வியப்பாக இருந்தது. எங்காவது ஓர் இழை தப்பியிருந்தால், அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு துண்டுச் சிவப்பு நூலை முடிந்துவைப்பார். சேலையே சிவப்பென்றால் பச்சை நூல்.

வியாபாரி கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதில்லை. "இங்க ஒரு இழை போச்சு, பாத்துக்கோ" என்று விரலை வைத்துக் காட்டுவார். பிறகு பழுதைச் சரிசெய்து, முடிச்சை அவரே அவிழ்ப்பார். ஒருமுறை உன் அம்மா, பழுது சரியாகிவிட்டதே என்று அவிழ்க்கப் போனார். "நான் கட்டினது. நான்தான் அவுக்கணும். நீ அவுத்தா சரி பண்ணிட்டேன்னு யாரு சொல்றது?" என்று தடுத்துவிட்டார். நீயும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

யுத்த காலத்தில் நீ சென்னைக்குப் போய் ராணுவ விமானப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தாய். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, இங்கேயே ஆங்கில ஆசிரியனானேன். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய விமானங்களை ஒரு வியாபாரி வாங்கி, சரக்கும் யாத்திரிகர்களும் ஏற்றிப் பறக்கும் கம்பெனி ஆரம்பித்தார். நீ அதில் மெக்கானிக்காக நுழைந்து, தலைமை எஞ்சினியராகி, நிர்வாக மேலாளராகி, அவர் ஒதுங்கியபோது அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாய். எவருடைய சிபாரிசும் உனக்கு இருந்ததில்லை. இதை மலரில் மற்றவர்களும் எழுதுவார்கள். உண்மைதான்; நானும் உறுதிசெய்கிறேன்.

அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் என் கையெழுத்தும் இருந்தது. உன் விண்ணப்பங்கள், உன் அறிக்கைகள், உன் சொற்பொழிவுகள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்னுடையது. உன் கடிதம் வந்த பதினைந்து நாளுக்குள் நான் பதில் போட வேண்டும். என் கடிதத்துக்கு நீயும் அப்படியே. பள்ளி விடுமுறையில் ஏற்படுத்திக்கொண்ட விதி, நீ சாகும்வரை ஒருமுறையும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, "காய்ச்சல். பிறகு" என்று ஒரு கார்டு போட்டாய்.

நீ நிர்வாக இயக்குநரானதும் பிறப்பித்த முதல் உத்தரவு சிவப்புச் சீட்டைப் பற்றியது. பழுதான பாகத்தில் கட்டுவதற்கு ஒரு துணிச் சீட்டு. அதில் பழுதின் விவரம், தேதி, கட்டியவன் கையெழுத்து. அதைக் கட்டியவனைத் தவிர வேறெவரும், நிர்வாக இயக்குநர் உட்பட, அவிழ்க்கக் கூடாது. 'நிர்வாக இயக்குநர் உட்பட' என்ற சொற்களைச் சேர்த்தவன் நான். அவற்றை அடிக்கோடிட்டவன் நீ. கயிற்றுக்காக, உன் நைனா தறிப் பாவில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலை முறுக்கி ஒரு கூடை நிறைய அனுப்பினார். பட்டில் போட்ட முடிச்சு லேசில் அவிழாது என்று உன் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அதற்காகத்தான் பட்டு என்று நீ பதில் சொன்னதாகத் தயாளன் பெருமையோடு என்னிடம் சொன்னான்.

தயாளன் என்னைவிட எட்டு வயது இளையவன். படிப்பு ஏறவில்லை. நீதான் அவனைக் கூட்டிப்போய் வேலை கற்றுக்கொடுத்து லைசென்ஸ் வாங்கவைத்தாய். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அது இல்லையென்றால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளாது.

உன் விமானக் கொட்டகையில் நாளடைவில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. முதலில் சீட்டைக் கட்டுவார்கள். பதிவுப் புத்தகத்தில் எழுதுவது அப்புறம், மாற்றுப் பாகம் வந்த பிறகு. சீட்டு இருந்தால் பறக்கமாட்டார்கள் என்கிறபோது புத்தகத்துக்கு என்ன அவசரம்? வேறொரு கம்பெனியில் இந்தத் தவறு நடந்திருக்காது. அங்கே புத்தகத்தை நம்புவார்கள். உங்களிடம் கயிற்றை நம்பினார்கள்.

அந்த வைகாசியில் தயாளன் கயிற்றைக் கட்டினான், புத்தகத்தில் எழுதாமல் உன்னிடம் மட்டும் சொன்னான், பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்துவிட்டான். மறுநாள் காலை வரதர் கோயில் கோபுர வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம். குடை தெரிகிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஏகாண்ணன்தான் போகச் சொல்லிச்சு. எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வாடான்னுச்சு."

"இன்னிக்குத்தானே புது ரூட்டு ஆரம்பம்? நீ இங்க வந்து நிக்கறே?"

"அந்த விமானம் போவாதுண்ணா. செவப்பு கட்டிட்டு வந்திருக்கேன். இன்னா அவசரம்னாலும் தொடமாட்டாங்க."

கருடன் வெளியே வந்தது. உனக்கும் சேர்த்துக் கும்பிட்டான். நான் பார்த்தேன்.

அந்நேரம் நீ கொட்டகையில் இருந்தாய். புதிய தடத்தின் முதல் பயணம். பத்திரிகைக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். அன்று பறக்காவிட்டால் தடம் போட்டிக் கம்பெனிக்குப் போகும். அந்த நெருக்கடியை நான் சிறிதாக்கவில்லை. ஒரு கசிவு, சொட்டுச் சொட்டாக, ஒரு பயணத்துக்குத் தாங்கும் என்று உனக்குள் இருந்த பழைய மெக்கானிக் கணக்குப் போட்டிருப்பான். கட்டியவனைத் திருப்பி அழைக்க அரைநாள் ஆகும். கத்தி சட்டைப்பையிலேயே இருந்தது.

இறங்கும்போது இடது பிரேக் பிடிக்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கால்வாயில் மோதியது. விமானியும் பத்திரிகைக்காரர்களும் காயங்களோடு தப்பினார்கள். துணை விமானி இறந்தார். இருபத்தாறு வயது.

ஆனி மாதம் என்னை அழைத்தாய். உன் அறையில் மின்விசிறிக்கு அடியில் காகிதங்கள் பறக்காமல் உன் பேனாக்கத்தியை மேலே வைத்திருந்தாய். அது எதை அறுத்த கத்தி என்று அன்று எனக்கு எப்படித் தெரியும்?

"வரதா, இங்கிலீஷ் கொஞ்சம் பாத்துக் குடுப்பா. நான் எழுதினா சாமான் பில்லு மாதிரி இருக்குது" என்றாய்.

படித்தேன். 'நான் சீட்டு எதையும் பார்க்கவில்லை' என்று நீ எழுதியிருந்தாய். பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன். "தயாளன் கட்டினேன்னு சொல்றானே?"

"சொல்றான். பாவம், பயந்துட்டான்." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாய். "கட்டணும்னு நெனச்சிருப்பான். கருடசேவை அவசரத்துல வுட்டுட்டான். இப்ப கட்டினதாவே அவனுக்குத் தோணுது. நீ அவன் அண்ணன், உன்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"உன்கிட்ட போன்ல சொன்னதா..."

"பேசினான்பா. ஊருக்குப் போகட்டுமான்னு கேட்டான், கூடாதுன்னேன். போயிட்டான். லைசென்ஸ் போகும், அதுக்கு மேல போகாம நான் பாத்துக்கறேன். அத எங்கிட்ட வுடு."

விபத்துக்கு முன்பே கோபுர வாசலில் அவன் சொன்னதை என் காதால் கேட்டிருந்தும், உன்னைத்தான் நம்பினேன்; உனக்கு நன்றி சொன்னேன். என் தம்பி ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றப் போகிறவன் நீ என்று நம்பி, உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். நீ கையை விலக்கிக்கொள்ளவில்லை.

பிறகு, என் தொழில் புத்தி வேலை செய்தது. 'பார்க்கவில்லை' என்பது பலவீனமான வாக்கியம், வழக்கறிஞர் அதைக் கிழித்துவிடுவார் என்று சொல்லி, அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். 'அத்தகைய சீட்டு எதுவும், எந்த நேரத்திலும், அவ்விமானத்தில் இருந்ததில்லை.' நல்ல வாக்கியம். தாளம் தப்பாத வாக்கியம். நீ அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "இதுவே இருக்கட்டும்" என்றாய். உன் பொய் ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து, என் ஆங்கிலம் அதை நடு முற்றத்துக்கு இழுத்து வந்து நிறுத்தியது. விசாரணை அறிக்கை அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டுத் தயாளனின் லைசென்ஸை ரத்து செய்தது.

அவன் ஊருக்குத் திரும்பி வந்தபோது நான் அவனிடம் இரக்கத்தோடு நடந்துகொண்டதாக நினைத்திருந்தேன். வகுப்பில் காப்பியடித்துப் பிடிபட்ட மாணவனிடம் பேசுகிற குரலில், "ஒத்துக்கோ தயாளா, மனசு லேசாகும்" என்று வாரம் ஒருமுறை சொல்லிவந்தேன். முதல் இரண்டு வருஷம் மறுத்தான். மூன்றாம் வருஷம், ஒருநாள் சோறு தின்றுகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு, "கட்டினேனா இல்லியான்னு இப்ப எனக்கே தெரியலண்ணா" என்றான். அவன் திருந்திவிட்டான் என்று அன்று உனக்குக் கடிதம் எழுதினேன். பதினைந்து நாளுக்குள் பதில் வந்தது. 'பாவம், விட்டுவிடு' என்று எழுதியிருந்தாய்.

அந்தத் துணை விமானியின் பெற்றோருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தயாளன் என்னிடம் கேட்டான். அதையும் ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. செய்யாத குற்றத்துக்கான மன்னிப்பை, இறந்துபோன பையனின் தாயார் எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறாரோ.

செவிலிமேட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை வைத்தான். பழுது பார்த்து முடிக்காத வண்டியின் பிடியில் இன்றும் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைக்கிறான். பால்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"இன்னா மேஸ்திரி, என் வண்டிக்குத் தாலி கட்டிட்டியா? சாப்பாடு எப்போ?"

"பிரேக்குக் கட்டை இன்னும் வரலப்பா. வர்ற வரிக்கும் ஏறாத. தள்ளிக்கினு போ."

"தோ, இந்தத் திருப்பம் வரிக்கும்தாம்பா."

"திருப்பத்துலதான் வுழுவே."

பால்காரர் சிரித்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவன், "ஏரோப்பிளேனுக்குக் கட்ட மறந்தவன் சைக்கிளுக்குக் கட்டறாம்பா" என்றான். தயாளன் தலை நிமிரவில்லை. டீக்கடை ஆள் சொன்னது சரிதான் என்று அப்போது எண்ணினேன்.

1968க்குப் பிறகு அவன் கருடசேவைக்கு வருவதில்லை. ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பாராட்டு விழாவுக்கு மட்டும் வந்தான். நீ அழைப்பிதழ் அனுப்பியிருந்தாய். ஏன் அனுப்பினாய்? மாலைகளுக்கு நடுவே நின்று, என் சொற்களில், உன் நைனாவின் நூலைப் பற்றிப் பேசினாய். பழுதை மறைப்பவன் தொழில் தெரிந்தவன் அல்லன் என்று முடித்தாய். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தயாளனும் தட்டினான். பிறகு உன்னிடம் வந்து, "நீ நல்லாப் பேசினேண்ணா" என்றான்.

"கடை எப்படி இருக்குது தயாளா?"

"ஓடிக்கினு இருக்குதுண்ணா."

அவன் தோளில் தட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினாய். அந்தக் கை எப்படி அவ்வளவு இயல்பாக எழுந்தது என்பதை இந்தச் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ இறந்த பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு உன் மனைவி சுலோச்சனா ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது இன்னான்னு எனக்குத் தெரியலண்ணா. மாமனாரு படத்துக்குப் பின்னால இவரு சொருகி வெச்சிருந்தாரு. ஒருநாள் தூசி தட்டப் போனேன், ஓடியாந்து கையைப் புடிச்சுக்கினாரு. உங்க ஊரு நூலு மாதிரி இருக்குது. அதான் உங்களுக்கு."

உள்ளே சிவப்புத் துணிச் சீட்டு. தயாளனின் கோணல் எழுத்து எனக்கு மனப்பாடம். நான் திருத்திய நோட்டுகளில் அதைவிட மோசமானது இல்லை. 'இடது சக்கரம். பிரேக் குழாய் கசிவு. மாற்றும்வரை பறக்கக் கூடாது.' கீழே கையெழுத்து. கருடசேவைக்கு முந்தைய நாளின் தேதி. அறுந்த பட்டுக் கயிறு. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

நைனாவின் படத்துக்குப் பின்னால், ஏகாம்பரம். ஒன்பது வருஷம். தினமும் அந்தப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாய் என்று சுலோச்சனா சொன்னார். சாதாரண அயோக்கியன் என்றால் அன்றைக்கே எரித்திருப்பான். நானும் வெறுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்திருப்பேன். நீ ஏன் வைத்திருந்தாய்? என்றாவது கொடுத்துவிடலாம் என்றா? நைனாவிடம் மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்றா? அல்லது, அதை எரிக்கும் துணிவுகூட உனக்கு இல்லையா? உன்னோடு நான் சேர்ந்திருந்த ஆண்டுகள் அத்தனையும் இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்து நிற்கின்றன. விடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் செவிலிமேட்டுக்குப் போனேன். தயாளன் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டை அவன் கையில் வைத்தேன். சக்கரம் சுற்றி ஓய்ந்தது.

"யாருகிட்ட இருந்துது?"

"ஏகாம்பரம் வீட்டுல."

சாக்கின் மேல் உட்கார்ந்தான். கிரீஸ் படாமல் இரண்டு விரல் நுனியால் சீட்டைப் பிடித்துப் படித்தான். தன் கையெழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அப்ப கட்டியிருக்கேன்" என்றான்.

உன்னைத் திட்டவில்லை. என்னைக் கேட்கவில்லை. 'நீ ஏண்ணா என்னை நம்பல' என்று கேட்பான், கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். என்னிடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் பதில் இருந்தது. அவன் கேட்கவில்லை.

பிறகு கயிற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முடிச்சைப் பாருண்ணா. அவுக்கல. பக்கத்துல அறுத்திருக்கு."

பார்த்தேன். உன் நைனா கற்றுக்கொடுத்த முடிச்சு, அவன் இறுக்கிய நிலையிலேயே, மணியளவு, முழுசாக இருந்தது.

"போதும்டா, அவுத்துப் போடு. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நானே ஏதோ பாடம் புரியாத பையன் என்பதுபோல் பார்த்தான். "எப்படிண்ணா அவுக்கறது? அந்தப் பழுதை யாரும் சரி பண்ணலியே."

சீட்டை உறைக்குள் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். இப்போது என் மேசைமேல், இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி உன் மகனுக்கும், மலர்க் குழுவினருக்கும், உன் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கும். நீங்கள் கேட்ட கட்டுரை இதுவே. ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிட வேண்டும். அத்துடன், 1968 வைகாசியில் சிவப்புச் சீட்டு கட்டப்பட்டிருந்தது என்றும், கட்டியவர் அதை நிர்வாக இயக்குநரிடம் தெரிவித்தார் என்றும், அவர் அனுமதியுடனேயே ஊருக்குச் சென்றார் என்றும் கம்பெனியின் முத்திரையுடன் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒரு பிரதி தயாளனுக்கு. ஒரு பிரதி துணை விமானியின் பெற்றோருக்கு. நேரிலோ தொலைபேசியிலோ சமாதானம் பேச வேண்டாம். வருகிற வைகாசி கருடசேவைக்கு முந்தைய நாள் மாலைத் தபாலுக்குள் பதில் வரவில்லையென்றால், மறுநாள் காலை இந்தச் சீட்டின் புகைப்படமும் இந்தக் கடிதத்தின் பிரதியும் விசாரணை நடத்திய இலாகாவுக்கும் பத்திரிகைகளுக்கும் போகும். அவற்றோடு, 'எந்த நேரத்திலும் இருந்ததில்லை' என்ற வாக்கியத்தை எழுதியவன் நான் என்ற என் வாக்குமூலமும் போகும். அதற்குரிய தண்டனையை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஏகாம்பரம், உனக்கும் கெடு அதுவே. விதி பதினைந்து நாள்தான். உன் நிலைமையைக் கருதிச் சற்று நீட்டித்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: ஏன் வைத்திருந்தாய்? பதில் வராது என்று எனக்குத் தெரியும். நமக்குள் வராமல் போகும் முதல் பதில் அது. இருந்தாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் இருப்பேன், பழக்கம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கம்பெனியின் பதில் வருகிற அன்று அதைச் செவிலிமேட்டுக்கு எடுத்துப்போய்த் தயாளனுக்குப் படித்துக் காட்டுவேன். உன் நைனாவின் கயிற்றை அவன் கையில் கொடுப்பேன். அதுவரை இந்த முடிச்சை நான் தொடமாட்டேன். வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'உன் வரதன்' என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இதில் அப்படி இல்லை.

இப்படிக்கு,
தயாளனின் அண்ணன்
வரதராஜன்